'சீ' வாங்கிய ஓர் ஒப்படையும் இருநூறு வருடம் காத்திருந்த ஒரு திருத்தமும்

கடந்த வாரம் உயர்தர வகுப்பில் அரசறிவியல் பாடம். நெகிழும் யாப்பு, நெகிழா யாப்பு பற்றிய பகுதி. வருடா வருடம் நாம் சொல்லும் அதே வரிகள்தான். பிரித்தானியா நெகிழும் யாப்புக்கு உதாரணம், ஐக்கிய அமெரிக்கா நெகிழா யாப்புக்கு உதாரணம். அங்கே ஒரு திருத்தம் நிறைவேற காங்கிரஸின் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு வேண்டும், பின்னர் மாநிலங்களில் நான்கில் மூன்று அதை அங்கீகரிக்க வேண்டும். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்:

"அப்ப சேர், சாதாரண ஒரு ஆளால அந்த யாப்புல ஒரு சொல்லச் சரி மாத்த ஏலாதுதானே?"

"ஏலும். ஒரு கெம்பஸ் பொடியன் மாத்திக் காட்டியிருக்கான். அதுவும் ஒப்படைக்கு 'சீ' வாங்கிப் போட்டு" என்றோம்.

வகுப்பு நம்பவில்லை. கதையைத் தொடங்கும்போதே மணி அடித்துவிட்டது. மிச்சத்தை முகநூலில் எழுதுகிறோம் என்று வாக்குக் கொடுத்தோம். அந்த வாக்குக்காகவே இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், ஆறுதலாக வாசியுங்கள். ஆசிரிய நண்பர்கள் கட்டாயம் வாசியுங்கள், ஏனென்றால் இது மாணவனின் கதை மட்டுமல்ல. புள்ளி போட்டவர்களின் கதையும்தான்.

1982 ஆம் ஆண்டின் முற்பகுதி. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகம், ஒஸ்டின் வளாகம். கிரெகரி வொட்சன் என்ற பட்டப்படிப்பு மாணவன், இருபது வயதை ஒட்டிய பொடியன், அமெரிக்க அரசாங்கம் பற்றிய பாடத்துக்கு ஓர் ஒப்படை எழுத வேண்டியிருந்தது. அந்த நாட்களில் அங்கே சூடான விவகாரம் பெண்களுக்கான சம உரிமைத் திருத்தம். 1972 இல் காங்கிரஸ் அதை நிறைவேற்றி மாநிலங்களுக்கு அனுப்பியிருந்தது. 7 வருடக் காலக்கெடு வைத்திருந்தார்கள். கெடு முடிந்தபோது 38 மாநிலங்கள் தேவைப்பட்ட இடத்தில் 35 மட்டுமே சேர்ந்திருந்தன. அந்தக் கெடு முடிய முன்பே காங்கிரஸ் அதை 1982 ஜூன் 30 வரை நீடித்திருந்தது. அப்படி நீடிக்க முடியுமா, முடியாதா என்று நாடே வாதாடிக்கொண்டிருந்தது. வொட்சனும் முதலில் அதைப் பற்றித்தான் எழுத நினைத்தார்.

நகரப் பொது நூலகத்துக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டினார். ஒரு புத்தகத்தில், காங்கிரஸ் அனுப்பியும் போதிய மாநிலங்கள் அங்கீகரிக்காமல் கிடப்பில் போன திருத்தங்களின் விபரம் இருந்தது. அதில் ஒன்று 1789 இல் அனுப்பப்பட்டது. காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளம் பற்றியது. அதில் காலக்கெடு எதுவும் எழுதப்படவில்லை.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு 1789 க்குப் போக வேண்டும்.

அமெரிக்க யாப்பு காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளத்தைச் சட்டத்தால் தீர்மானிக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தை இயற்றுவது யார்? அதே காங்கிரஸ்தான். தம்முடைய சம்பளத்தைத் தாமே தீர்மானிப்பது. இதில் உள்ள கூச்சம் ஜேம்ஸ் மெடிசனுக்கு விளங்கியிருந்தது. 1789 ஜூன் 8 ஆம் திகதி பிரதிநிதிகள் சபையில் அவர் யாப்புத் திருத்தங்களை முன்வைத்தபோது இதற்கும் ஒரு வழி சொன்னார். சம்பளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் அந்த மாற்றம் அடுத்த பிரதிநிதிகள் சபைத் தேர்தல் நடந்து முடிந்த பிறகே நடைமுறைக்கு வர வேண்டும். இடையில் வாக்காளன் ஒரு தடவை உங்களைப் பார்த்துக்கொள்வான்.

வகுப்பில் இதைச் சொல்லும்போது நாம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தை உதாரணம் காட்டுவோம். செயற்குழு தனக்கு ஒரு கொடுப்பனவைத் தீர்மானிக்கட்டும், தீர்மானித்தது அடுத்த பொதுக்கூட்டத்தில் தெரிவாகி வரும் குழுவுக்குத்தான் கிடைக்கும் என்று வைத்தால் எத்தனை பேர் கை உயர்த்துவார்கள்? பிள்ளைகள் சிரிப்பார்கள். விளங்கிவிட்டது என்று அர்த்தம்.

1789 செப்டெம்பர் 25 இல் காங்கிரஸ் மொத்தம் 12 திருத்தங்களை மாநிலங்களுக்கு அனுப்பியது. நாம் பாடப்புத்தகத்தில் படிக்கும் 'உரிமைகள் பட்டயம்' என்ற 10 திருத்தங்கள் 1791 டிசம்பர் 15 இல் அங்கீகாரம் பெற்றன. அனுப்பியது பன்னிரண்டு, தேறியது பத்து. பேச்சுச் சுதந்திரத்துக்கும் மதச் சுதந்திரத்துக்கும் உரிய புகழ்பெற்ற முதலாம் திருத்தம், அனுப்பப்பட்ட பட்டியலில் உண்மையில் மூன்றாவது. பட்டியலின் முதலாவது, பிரதிநிதிகள் சபையின் அளவு பற்றியது, இன்றுவரை தேறவில்லை. இரண்டாவதுதான் இந்தச் சம்பளத் திருத்தம். மேரிலாந்து, வட கரோலினா, தென் கரோலினா, டெலவெயர், வேர்மொன்ட், வேர்ஜீனியா ஆகிய ஆறு மாநிலங்கள் 1791 க்குள் அதை ஏற்றுக்கொண்டன. அத்தோடு அது தூங்கிவிட்டது.

முழுத் தூக்கம் என்றும் சொல்ல முடியாது. இடைக்கிடை யாரோ தட்டி எழுப்பினார்கள். 1816 இல் காங்கிரஸ் நாளுக்கு 6 டொலர் என்றிருந்த கொடுப்பனவை வருடத்துக்கு 1,500 டொலர் சம்பளமாக மாற்றியது. மக்கள் கொதித்தார்கள். அடுத்த தேர்தலில் பலர் திரும்பி வரவில்லை. மறுவருடமே சட்டத்தை நீக்கினார்கள். 1873 இல் இன்னும் மோசம். 5,000 டொலரை 7,500 ஆக்கினார்கள். ஆக்கியது மட்டுமல்ல, இரண்டு வருடத்துக்குப் பின்னோக்கி நிலுவையும் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆத்திரத்தில் ஒஹாயோ மாநிலம் பழைய கோப்பைத் தேடி எடுத்து, மெடிசனின் திருத்தத்தை அங்கீகரித்துத் தன் எதிர்ப்பைக் காட்டியது. 1978 இல் வயோமிங் அதையே செய்தது. இந்த இரண்டுக்கும் இடையில் நூறு வருடத்துக்கு மேல்.

திருத்தத்துக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. நான்கில் மூன்று என்பது நிலையான எண் அல்ல. 1791 இல் 14 மாநிலங்கள், 11 போதும். மாநிலங்கள் கூடக்கூட இலக்கும் ஓடிக்கொண்டேயிருந்தது. 50 மாநிலங்கள் ஆனபோது 38 வேண்டும்.

இப்போது 1982 க்குத் திரும்புவோம். வொட்சன் தலைப்பை மாற்றினார். அவருடைய வாதம் எளிமையானது. பிற்காலத் திருத்தங்களில் காங்கிரஸ் காலக்கெடு வைத்தது. 1789 இல் வைக்கவில்லை. யாப்பின் ஐந்தாம் உறுப்புரையும் காலக்கெடு பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆகவே இந்தத் திருத்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது, மாநிலங்கள் விரும்பினால் இன்றும் அங்கீகரிக்கலாம், அங்கீகரிக்கவும் வேண்டும்.

ஒப்படை திரும்பி வந்தது. 'சீ'.

எமது நாட்டில் 'சீ' என்றால் திறமைச் சித்தி, பரவாயில்லை என்று சிலர் நினைக்கலாம். அங்கே ஓரளவு முயற்சி செய்த மாணவனுக்கு அது அடி. புள்ளி போட்டது உதவி விரிவுரையாளர் ஒருவர். வொட்சன் முறையிட்டார். பாடத்துக்குப் பொறுப்பான விரிவுரையாளர் ஒப்படையைப் பார்த்துவிட்டு மாற்றமில்லை என்று திருப்பிக் கொடுத்தார். வொட்சனே பிற்காலத்தில் சொன்ன விபரம் இது.

இந்த இடத்தில் மாணவர்கள் எல்லோரும் விரிவுரையாளரைத் திட்டத் தொடங்குவார்கள். நாம் கொஞ்சம் பொறுக்கச் சொல்வோம். ஏனென்றால் சட்டத்தில் அவர் பக்கமும் கனமான ஒரு ஆதாரம் இருந்தது. 1921 இல் டில்லன் எதிர் குளோஸ் என்ற வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம், காங்கிரஸ் ஒரு திருத்தத்துக்கு நியாயமான காலக்கெடு விதிக்கலாம் என்று தீர்த்தது. அந்தத் தீர்ப்பிலேயே போகிற போக்கில், 1789 இல் அனுப்பிய இரண்டு திருத்தங்கள் உட்படப் பழையவற்றைக் குறிப்பிட்டு, அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன, மறந்துபோன தலைமுறைகள் அளித்த அங்கீகாரத்தோடு இன்றைய தலைமுறையின் அங்கீகாரத்தைச் சேர்த்துக் கணக்குப் பார்க்கலாம் என்ற எண்ணம் ஏற்கத்தக்கதல்ல என்று சொன்னது. நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றம் இந்த ஒப்படையின் முடிவை அது எழுதப்படுவதற்கு 61 வருடத்துக்கு முன்பே தள்ளிவிட்டது போலத்தான்.

ஆனால் சட்டம் படிப்பவர்களுக்குத் தெரியும், தீர்ப்பு வேறு, தீர்ப்பில் போகிற போக்கில் சொல்வது வேறு. அந்த வழக்கு 1789 திருத்தம் பற்றிய வழக்கல்ல, மதுவிலக்குத் திருத்தம் பற்றியது. 18 வருடம் கழித்து, 1939 இல், கோல்மன் எதிர் மில்லர் வழக்கில் நீதிமன்றம் வேறு பாதைக்கு வந்தது. அது சிறுவர் தொழிலைக் கட்டுப்படுத்தும் திருத்தத்தைக் கன்சாஸ் மாநிலம் தாமதமாக அங்கீகரித்தது பற்றிய வழக்கு. ஒரு திருத்தம் காலாவதியாகிவிட்டதா என்பது அரசியல் கேள்வி, அதைக் காங்கிரஸ்தான் தீர்மானிக்க வேண்டும், நீதிமன்றமல்ல என்றார்கள். அப்படியென்றால் கதவு பூட்டப்படவில்லை. சாத்தியிருந்தது, அவ்வளவுதான். முடிந்துபோன விடயம் என்று எல்லோரும் நினைத்த ஒன்றை, முடிந்துவிட்டதாக எங்கே எழுதியிருக்கிறது என்று ஒரு மாணவன் கேட்டதுதான் இங்கே நடந்தது.

அந்த ஒப்படையை நாம் வாசித்ததில்லை. எழுத்து மோசமாக இருந்திருக்கலாம். வாதம் பாதியில் நின்றிருக்கலாம். புள்ளித்திட்டம் கேட்டதை எழுதாமல் விட்டிருக்கலாம். இருபது வயதுப் பிள்ளைகளின் ஒப்படைகளைத் திருத்தியவர்களுக்கு இதெல்லாம் தெரியும். நல்ல கேள்வியும் கெட்ட எழுத்தும் ஒரே தாளில் இருப்பது சர்வ சாதாரணம். அப்படியான தாளுக்கு என்ன புள்ளி போடுவது என்பதுதான் எமது தொழிலின் தலைவலி.

வொட்சன் பேசாமல் அடுத்த பாடத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஒப்படையில் எழுதியதை நாட்டில் செய்து காட்டுவது என்று முடிவெடுத்தார். காங்கிரஸ் உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் மாநிலத்தில் இதை யாராவது முன்னெடுப்பார்களா என்று கேட்டார். பெரும்பாலும் பதில் இல்லை, அல்லது ஆர்வமில்லை என்ற பதில். மெய்ன் மாநிலத்தின் செனட்டர் வில்லியம் கோஹன் மட்டும் கடிதத்தைத் தன் மாநிலத்தில் உள்ளவர்களிடம் கொடுத்தார். 1983 ஏப்ரல் 27 இல் மெய்ன் அங்கீகரித்தது. அடுத்த வருடம் கொலராடோ.

இரண்டு மாநிலம் வந்ததும் முறையை மாற்றிக்கொண்டார். காங்கிரஸ் உறுப்பினர்களிடம் அவர்களுடைய சம்பளத்துக்கே கடிவாளம் போடக் கேட்பதில் அர்த்தமில்லை. மாநிலச் சட்டசபை உறுப்பினர்களிடம் கேட்கலாம். அவர்களுக்கு இதில் செலவு எதுவுமில்லை, பெயர் கிடைக்கும். ஒவ்வொரு மாநிலமாக, ஒவ்வொரு உறுப்பினராகக் கடிதம். கைக்காசு சுமார் 6,000 டொலர் செலவானதாக அவர் சொல்லியிருக்கிறார். மின்னஞ்சல் இல்லாத காலம். ஒவ்வொன்றும் முத்திரை ஒட்டி அனுப்பியவை.

1985 இல் ஐந்து மாநிலங்கள் சேர்ந்தன. அதில் ஒன்று நியூ ஹம்ப்ஷயர். 1790 இல் இதே திருத்தத்தை நிராகரித்த மாநிலம், 195 வருடம் கழித்து மனதை மாற்றிக்கொண்டது. 1989 இல் ஏழு மாநிலங்கள், அதில் அவருடைய டெக்சாஸும் ஒன்று. அந்த வருடம் காங்கிரஸ் சம்பள உயர்வு பற்றிப் பெரும் சர்ச்சை. 1991 ஜூலையில் செனட் சபை இரவு நேர வாக்கெடுப்பில் தன் உறுப்பினர்களின் சம்பளத்தை 101,900 டொலரிலிருந்து 125,100 ஆக உயர்த்தியது. அடுத்த வருடத் தொடக்கத்தில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் தமது சபை வங்கியில் பணமில்லாமலே காசோலை எழுதிய விவகாரம் வெடித்தது. வொட்சனின் கடிதங்களுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் யாரும் செய்திருக்க முடியாது.

இதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் தனியாக நின்று வரலாற்றை மாற்றினார் என்று சொன்னால் அது பாதி உண்மை. மெடிசன் எழுதி வைத்திருக்காவிட்டால் அங்கீகரிக்க ஒன்றுமில்லை. மக்களின் கோபம் இல்லாவிட்டால் மாநிலச் சட்டசபைகள் அசைந்திருக்காது. வொட்சன் செய்தது, கோபம் எந்தக் கதவால் வெளியேற முடியும் என்று காட்டியது. அந்தக் கதவு அங்கே இருப்பது மற்றவர்களுக்குத் தெரியாமலே இருந்தது.

1992 மே 5 இல் அலபாமாவும் மிசூரியும். மே 7 இல் மிச்சிகன். எண்ணிக்கை 38. அதே நாள் நியூ ஜேர்சியும் சேர்ந்தது, 1789 இல் நிராகரித்த இன்னொரு மாநிலம். (பிற்காலத்தில் கென்டக்கி 1792 இலேயே அங்கீகரித்திருந்தது பழைய ஆவணங்களில் கண்டறியப்பட்டது. அதைச் சேர்த்தால் மே 5 இலேயே எண்ணிக்கை நிறைந்துவிட்டது. ஆவணக் காப்பகங்களில் இப்படியும் நடக்கும்.) அனுப்பப்பட்டதிலிருந்து 202 வருடம் 7 மாதம்.

இனி என்ன? இது செல்லுமா? சட்டப் பேராசிரியர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 1921 தீர்ப்பை ஒரு தரப்பு காட்டியது, யாப்பின் எழுத்தை மறு தரப்பு காட்டியது. அங்கே திருத்தங்களைச் சான்றுப்படுத்தும் பொறுப்பு தேசிய ஆவணக் காப்பாளருக்கு. அப்போதைய காப்பாளர் டொன் வில்சன், காங்கிரஸைக் கேட்காமலே மே 18 இல் சான்றுப்படுத்திவிட்டார். காங்கிரஸில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் அது தேர்தல் வருடம். எங்கள் சம்பளத்துக்குக் கடிவாளம் வேண்டாம் என்று எவர் எழுந்து நின்று சொல்வார்? மே 20 இல் இரு சபைகளும் அதை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றின. பிரதிநிதிகள் சபையில் 414 க்கு 3. செனட்டில் 99 க்கு 0. அமெரிக்க யாப்பின் 27 ஆவது திருத்தம் இது. இதை எழுதும் நாள் வரை அதுவே கடைசித் திருத்தமும்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிப் பரீட்சையில் கேட்பார்கள் என்பதால் ஒரு வரி. எமது இரண்டாம் குடியரசு யாப்பு 1978 செப்டெம்பர் 7 இல் நடைமுறைக்கு வந்தது. அதன் முதலாவது திருத்தம் அதே வருடம் நவம்பரில். 2020 ஒக்டோபரில் 20 ஆவது, 2022 ஒக்டோபரில் 21 ஆவது. நெகிழும், நெகிழா என்ற இரண்டு சொற்களில் எமது யாப்பை எங்கே வைப்பது என்று யோசித்து எழுதுங்கள். நேரடி விடை எமது வகுப்புக் குறிப்பில் இல்லை.

27 ஆவது திருத்தத்தால் காங்கிரஸ் அடங்கிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 1989 சட்டத்தின்படி வாழ்க்கைச் செலவுக்கேற்ப வருடா வருடம் தானாக ஏறும் ஒரு முறை இருந்தது. இது திருத்தத்துக்கு முரண் என்று, பின்னாளில் சபாநாயகரான ஜோன் பெய்னர் வழக்குப் போட்டார். சட்டம் 1989 இல் வந்துவிட்டது, இடையில் தேர்தல் நடந்துவிட்டது, ஆகவே முரணில்லை என்று 1994 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரிய புலி ஒன்றும் இல்லை, வாசலில் கட்டிய நாய் அளவுக்குத்தான் இந்தத் திருத்தம். ஆனாலும் காங்கிரஸ் இனி நள்ளிரவில் சம்பளத்தை உயர்த்தி மறுநாள் காலையில் எடுத்துக்கொள்ள முடியாது.

மாணவர்களுக்கான ஊக்குவிப்புச் சொற்பொழிவுகளில் இதைப்போல இன்னொரு கதை அடிக்கடி வரும். ஃபெடெக்ஸ் கம்பனியின் ஃபிரெட் ஸ்மித் யேல் பல்கலைக்கழகத்தில் எழுதிய ஒப்படைக்கும் 'சீ' கிடைத்ததாம், பேராசிரியர் நக்கலடித்தாராம். எத்தனை மேடையில் கேட்டுவிட்டோம். என்ன புள்ளி கிடைத்தது என்று தனக்கு ஞாபகமில்லை என்று ஸ்மித்தே சொல்லியிருக்கிறார். கதை நன்றாக இருக்கிறது என்பதற்காக நம்ப வேண்டாம். வொட்சனின் விடயம் வேறு. அதற்குப் படிவமே இருக்கிறது.

அந்தப் படிவத்தின் கதைதான் இந்தப் பதிவை எழுதவைத்தது.

'மாற்றமில்லை' என்று ஒப்படையைத் திருப்பிக் கொடுத்த அந்த விரிவுரையாளர் எண்பதுகளிலேயே பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டார். டெக்சாஸின் தென்கோடியில் குடும்பத்தின் தோடம்பழத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வொட்சன் என்ற மாணவனை அவருக்கு நினைவில்லை. தொண்ணூறுகளில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. 27 ஆவது திருத்தம் உங்கள் வகுப்பில் எழுதப்பட்ட ஓர் ஒப்படையிலிருந்து தொடங்கியது தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது. அன்றுதான் தெரிந்தது.

நாம் இந்த இடத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். 20, 25 வருடம் கற்பித்தவர்களுக்கு விளங்கும். எத்தனை ஆயிரம் தாள்கள். இரவு பத்து மணிக்கு, கண் எரிய எரிய, கட்டின் கடைசித் தாளுக்கு ஒரு புள்ளியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போவது. காலையில் அது நினைவிலும் இருக்காது. அந்தப் பிள்ளைக்கு நினைவிருக்கும். புள்ளி போடுவது அமானிதம் என்று எமக்குப் படிப்பித்த மூத்த ஆசிரியர் ஒருவர் சொல்வார். இளமையில் அதை நேர்மை பற்றிய பேச்சாக மட்டும் எடுத்துக்கொண்டோம். வேண்டியவனுக்குக் கூட்டிப் போடாதே, வேண்டாதவனுக்குக் குறைத்துப் போடாதே என்று. நேர்மையாகப் போட்டும் பிழைக்கலாம் என்பது பிந்தித்தான் விளங்கியது.

2017 இல், அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஒருவர் இந்தக் கதையைத் தேடி எடுத்தார். புள்ளியை மாற்றும் படிவம் ஒன்றை அனுப்பினார்கள். வயதாகிவிட்ட அந்த முன்னாள் விரிவுரையாளர் கையொப்பமிட்டார். 35 வருடத்துக்குப் பிறகு 2017 மார்ச் மாதத்தில் வொட்சனின் 'சீ' அதிகாரபூர்வமாக 'ஏ' ஆனது. வொட்சன் அப்போது ஐம்பது வயதைத் தாண்டியவர். படிவத்தில் கையொப்பமிட்டவரை நாம் மதிக்கிறோம். நான் அன்று விதிப்படிதான் போட்டேன் என்று சொல்லித் தட்டிக் கழித்திருக்கலாம். அதில் பொய்யும் இருந்திருக்காது.

இனி எமது கணக்கு.

சில வருடங்களுக்கு முன் பதினோராம் தரக் குடியியற் கல்வி வகுப்புக்கு உள்ளூராட்சி நிறுவனங்களின் பணிகள் என்று ஓர் ஒப்படை கொடுத்தோம். நாற்பது பேரும் புத்தகத்தில் இருந்ததை அழகாக எழுதிக்கொண்டு வந்தார்கள். வீதி, வடிகான், சந்தை, நூலகம், மையவாடி, தெருவிளக்கு. ஒரு மாணவி மட்டும் ஒரே ஒரு பணியைப் பற்றி எழுதியிருந்தார், நூலகம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றி வகுப்பில் சொல்லியிருந்தோம். அவர் வாப்பாவின் பெயரில் உள்ளூர்ச் சபையொன்றின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். நூலகத்துக்குப் புத்தகம் வாங்க அந்த வருடம் எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள் என்று இரண்டே கேள்வி. பதில் கடிதத்தின் பிரதியை ஒப்படையின் பின்னால் பின் பண்ணியிருந்தார். ஒதுக்கியதில் பாதி கூடச் செலவாகவில்லை. அதற்குக் கீழே நூலகத்துக்குத் தேவையான புத்தகங்களின் பெயர்களை, நூலகரிடம் கேட்டு, வரிசையாக எழுதியிருந்தார்.

புள்ளித்திட்டத்தில் ஒரு பணிக்கு இவ்வளவு என்று இருந்தது. அவர் எழுதியது ஒரு பணி. விதிப்படி போட்டோம். அந்தப் பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை. தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு சேகரிப்புக்காக எல்லாத் தாள்களையும் திரும்ப வாங்கி அலுமாரியில் போட்டோம்.

நேற்று அந்தக் கோப்பைத் தேடி எடுத்தோம். இருபதுக்கு ஒன்பது. கீழே சிவப்பு மையில் எமது கையெழுத்து: 'தலைப்பை விட்டு விலகிச் சென்றுள்ளீர்.' சபையின் பதில் கடிதம் இன்னும் பின்னோடு அப்படியே இருக்கிறது, பின் துருப்பிடித்துவிட்டது.

சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு அவர் எந்தப் பாடசாலைக்குப் போனார், இப்போது என்ன படிக்கிறார் என்று எமக்குத் தெரியாது. அவருடைய தம்பி எமது பாடசாலையில் எட்டாம் தரத்தில் இருக்கிறான். இன்று இடைவேளையில் கூப்பிட்டு, "தாத்தாட நம்பர உம்மாட்டக் கேட்டு எடுத்துட்டு வாங்க மகன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்.